குடிசெய்வானை நினைத்தல்: கையறுநிலை முதல் நினைவு மலர் வரை

1. வினா

மறைந்தாரை நினைந்து பாடுதல் தமிழில் மிகப் பழைய மரபு. தொல்காப்பியர் கையறுநிலையைக் காஞ்சித்திணையுள் வைத்தார். புறநானூற்றின் கொளுக்கள் அதனைப் பொதுவியலுள் அடக்கின. இரங்கற்பா, சரமகவி, ஒப்பாரி எனப் பிற்காலத்தும் இம்மரபு பல பெயர்களால் வளர்ந்தது. இத்துணை நீண்ட மரபுடைய மொழியில் ஒரு வினா எழுகின்றது. ஊரில் பிறந்து, நிலத்தைத் திருத்தி, கடன் அடைத்து, மக்களை வளர்த்து, முதுமையுற்றுத் தன் வீட்டுத் திண்ணையில் உயிர்விட்ட ஓர் உழவனை, ஒரு குடும்பத் தலைவனை, நம் இலக்கியம் எங்ஙனம் நினைக்கின்றது? அவன் போரில் மாண்டவன் அல்லன். புலவர்க்கு யானை பரிசளித்தவனும் அல்லன். அவன் வாழ்வின் பெரும்பகுதி ஒரே வகையான வினையால் நிரம்பியது. அவ்வினையைச் சொல்லாமல் அவனைச் சொல்ல இயலாது. அதனைச் சொல்லும் வாய்பாடு நம் இரங்கல் மரபில் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல் காட்டும் உறவு

இவ்வாராய்ச்சிக்குச் சொற்களே முதற் சான்று. 'கிழமை' என்பது உரிமை. உரிமையுடையான் கிழவன், நிலவுரிமையுடையான் கிழான். தொல்காப்பியத்தில் அகத்திணைத் தலைவனையும் குறிக்கும் 'கிழவன்' என்னும் சொல், இன்று ஆண்டு முதிர்ந்தவனை மட்டும் குறித்து, ஓரளவு இகழ்ச்சியும் ஏற்று நிற்கின்றது. உரிமையும் பொறுப்பும் உடையவனாய் ஒரு காலத்தில் நின்றவன், அவற்றை மக்களிடம் ஒப்புவித்துவிட்டு ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கும் நிலையை இச்சொல்லின் வரலாறே காட்டுகின்றது.

'குடியானவன்' என்னும் சொல் குடி உடைமையையும் உழவையும் ஒருங்கே உணர்த்தும். 'வேளாண்மை' பழைய நூல்களில் பிறர்க்கு உதவுதலையும் விருந்தோம்பலையும் குறித்தது; இன்று பயிர்த்தொழிலைக் குறிக்கின்றது. 'வெள்ளாமை' என அது நாட்டு வழக்கில் திரிந்தது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் உழவனுக்குச் 'சம்சாரி' என்றே பெயர். மனைவி மக்களோடு வாழ்பவன் என்னும் பொருளுடைய வடசொல் அங்கே ஏர் பிடிப்பவனுக்கு ஆகிவந்தது. இல்வாழ்க்கையும் உழவும் வேறல்ல என்பதை இலக்கியம் சொல்லுமுன்னரே மக்கள் வழக்குச் சொல்லிவிட்டது என்க.

3. சான்றோர் நினைவு

சங்கப் பாடல்களில் உழவுக்கு உயர்வு உண்டு. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 35ஆம் பாட்டில், களத்தில் படை பெற்றுத் தரும் வெற்றியும் உழுபடையின் சாலில் விளைந்த பயனே என்று அறிவுறுத்துகின்றார். ஏர்மாடு காப்போரின் சுமையைத் தாங்கிக் குடிகளைப் புரந்தால் பகைவரும் பணிவர் என்கின்றார். நாகனார் அப்பாட்டால் தம் நிலத்தின் பழைய வரிக்கடனிலிருந்து வீடு பெற்றார் எனப் பாட்டின் கொளு கூறுகின்றது. உழவரின் சுமை அரசன் முன் எடுத்துரைக்கப்பட்ட அரிய இடம் இது. எனினும் இங்கே பேசப்படுவோர் உழவர் என்னும் கூட்டத்தார். பெயர் சுட்டி ஓர் உழவன் இங்கு நினைக்கப்படவில்லை.

பெயர் சுட்டி நினைக்கப்படும்போது நிகழ்வது யாது? ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாட்டு, அளவிற் சிறியது, ஆற்றலிற் பெரியது. சாத்தன் இல்லாத ஊரில் பூத்துநின்ற முல்லையை நோக்கி, 'இனியும் பூத்தல் தகுமோ' என்று வினவுகின்றது. இறந்தவன் நிலக்கிழார் குடியில் தோன்றியவன். ஆயினும் பாட்டு அவனுக்குத் தரும் அடையாளம் வேல். அவன் தந்தையின் ஏர் எங்கும் இல்லை. சிறுகுடி கிழான் பண்ணனைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் 173ஆம் பாட்டில் போற்றுகின்றான். மழைக்கு அஞ்சி முட்டைகளைச் சுமந்து மேட்டுநிலம் நாடும் எறும்பு வரிசைபோல் சோற்றுத்திரளைக் கையில் ஏந்திச் செல்லும் சிறுவர் வரிசையை அப்பாட்டிற் காண்கின்றோம். ஓர் அரசன், தன் வாழ்நாளையும் ஊர்த்தலைவன் ஒருவனுக்குத் தர விழைந்து பாடிய அருமையான பாட்டு அது. ஆனால் அங்கும் நாம் காண்பது வழங்கப்பட்ட சோறு. அச்சோறு விளைந்த வழி பாட்டின் பொருளாகவில்லை.

நடுகல்லும் இவ்வாறே. காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் வகுத்த அறுவகை நிலையும் மறவனுக்கு உரியவை. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. அவ்வாநிரையை நாற்பதாண்டு மேய்த்து, கட்டி, கறந்து, நோயுற்றபோது மருந்திட்டுக் காத்தவனுக்குக் கல் இல்லை. கொடையும் வீரமும் ஒரு நொடியில் வெளிப்படும் பண்புகள். உழைப்போ நாள்தோறும் நிகழ்வது. திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றைப் புகழாக மாற்றும் வழியைப் பழைய இரங்கல் மரபு தேடவில்லை.

4. வள்ளுவரின் அளவுகோல்

அவ்வழியைத் திறந்தவர் வள்ளுவர். திருக்குறளின் 103ஆம் அதிகாரம் குடிசெயல்வகை. 104ஆம் அதிகாரம் உழவு. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்றல் தற்செயல் அன்று. குடி உயர்தற்கு ஏதுவாகிய ஆள்வினையின் வகை ஆதலின் உழவு குடிசெயல்வகையின்பின் வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் இயைபு காட்டுவர்.

குடிசெயல்வகையில் வள்ளுவர் வரையும் மனிதன் யார்? குடியை உயர்த்த முற்பட்டவனுக்குக் காலவரையறை இல்லை. சோம்பி மானம் பார்த்திருந்தால் குடி கெடும் என்பது 1028ஆம் குறளின் கருத்து. குடும்பத்துக்கு வரும் துன்பத்தைத் தன் உடம்பில் தாங்குகின்றவனை நோக்கி, இவன் உடல் இடும்பைக்கே கொள்கலமோ என 1029ஆம் குறள் வியந்து இரங்குகின்றது. முட்டுக் கொடுத்துத் தாங்கும் நல்லாள் இல்லாத குடி, துன்பம் அடியில் வெட்ட வீழ்ந்துபடும் என்கின்றது 1030ஆம் குறள். இங்கே வீரம் என்னும் சொல்லும் குடும்பத்துக்குள் கொணரப்படுகின்றது. போர்க்களத்தில் பொறுப்பு வலியார்மேல் விழுவதுபோல, குடியிலும் தாங்கவல்லார் மேலதே பொறுப்பு என்பது 1027ஆம் குறள். மறவனுக்கு உரிய உவமையைக் குடும்பத் தலைவனுக்கு மாற்றிக் கொடுத்த புலமை நோக்கற்பாலது.

மானம் பற்றிய கருத்து ஈண்டு இன்றியமையாதது. 97ஆம் அதிகாரத்தில் மானத்தை உயிரினும் மேலாகப் போற்றிய அதே ஆசிரியர், குடிசெய்வானுக்கு மானம் கருதும் உரிமையை மறுக்கின்றார். பிள்ளையின் படிப்புக்கோ மகளின் திருமணத்துக்கோ ஒருவர் வாயிலில் நின்று கடன் கேட்ட குடியானவனை இழிந்தவனாகக் கருதாமல் போற்றுதற்கு இக்குறள் இடந்தருகின்றது. நினைவு நூல் எழுதுவோர் பெரும்பாலும் மறைத்துவிடும் செய்தி இதுவே என்பதைப் பின்னர்க் காண்பாம்.

உழவு அதிகாரமோ பொதுப் புகழோடு தொடங்கி நுண்வினையில் முடிகின்றது. ஒரு பலப் புழுதி காற்பலமாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது விளையும் என்றும் (1037), உழுதலினும் எருவிடல் நன்று, களைபறித்தபின் நீரினும் காவல் நன்று என்றும் (1038) அளவும் முறையும் கூறப்படுகின்றன. நிலத்துக்கு உரிய 'கிழவன்' நாள்தோறும் சென்று பாராவிடின் நிலம் மனைவிபோல் ஊடும் என 1039ஆம் குறள் கூறும். உரிமை என்பது நாள்தோறும் செல்லும் நடையால் நிலைபெறுவது என்பது கருத்து. குடிசெய்வானை நினைத்தற்கு வேண்டும் அளவுகோல் இவ்விரு அதிகாரங்களில் கிடைத்துவிட்டது. அவன் தாங்கியது யாது? அவன் வினையின் நுட்பம் யாது? இவ்விரண்டுக்கும் விடை கூறும் நினைவே அவனுக்கு உரிய நினைவாகும்.

5. பள்ளும் ஒப்பாரியும்

இவ்வளவுகோலைக் கொண்டு பிற்கால வகைகளை நோக்குவாம். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, மேழி, கொழு, நுகம் என ஏரின் உறுப்பு ஒவ்வொன்றையும் எடுத்துச் சிறப்பிக்கின்றது. கருவிக்கு இத்துணைச் சிறப்புச் செய்த நூலில், கருவியைப் பிடித்த தனி மனிதனின் கை காணப்படவில்லை. பள்ளு நூல்களில் வினை மிகுதியும் உண்டு. முக்கூடற்பள்ளில் நெல்வகை, மாட்டுவகை, ஏர்க்கருவி ஆகியவை பெயர்பெயராக அடுக்கப்படுகின்றன. ஆனால் உழைக்கும் பள்ளன் இரு மனைவியர்க்கு இடையே நகைப்புக்கு உரியவனாகவும், பண்ணைக்காரனால் தொழுவில் மாட்டப்படுபவனாகவும் வருகின்றான். பள்ளுக்குள் அவன் மூப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. எனவே அவனை நினைத்து இரங்கும் தேவையும் அந்நூல்களில் எழவில்லை.

ஒப்பாரி மகளிர் மரபு. மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943இல் வெளிவந்தது. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இலும், நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இலும் வந்தன. இத்தகைய தொகுப்புகளால் நாட்டுப்பாடல் கற்றோர் கவனம் பெற்றது. தந்தைக்கு மகள் பாடும் ஒப்பாரியில் பொன்னும் முத்தும் பட்டும் மிகுதி. கூரை வீட்டில் வாழ்ந்த தந்தையும் பாட்டில் மாளிகைக்கு உரியவனாகின்றான். இதனை வெற்றுப் புனைவு எனத் தள்ளுதல் பிழை. உடுத்தவும் உண்ணவும் ஆசையை அடக்கி வாழ்ந்தவனுக்கு, அவன் துறந்தவற்றை யெல்லாம் இறுதி நாளில் பாட்டால் அணிவிக்கும் அன்பு அது.

மேலும், அம்மகளின் பாட்டு விரைவில் தன் நிலைக்குத் திரும்பும். இனிப் பிறந்த வீட்டில் தனக்கு வரவேற்பு உண்டா, அண்ணன் மனைவி முகங்கொடுப்பாளா, சீர் வருமா என்று அவள் ஏங்குவாள். இஃது ஒப்பாரியின் மரபான பொருள்களுள் ஒன்று. இதன்பின் ஒரு சமூக உண்மை உள்ளது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989 முதலும், இந்தியா முழுமைக்கும் 2005 முதலுமே சட்டமாயிற்று. அதற்குமுன் தந்தை உயிரோடிருந்த காலமே மகளுக்குப் பிறந்த வீட்டில் உரிமை உள்ள காலம். தந்தையின் சாவு அவளுக்கு ஒரு வீட்டின் இழப்பு. ஒப்பாரி தந்தையின் வினையைச் சொல்லாவிடினும், அவன் எதனைத் தாங்கி நின்றான் என்பதை அவன் சரிந்தபின் ஏற்படும் வெறுமையால் உணர்த்திவிடுகின்றது. வள்ளுவர் கூறிய முட்டுக் கொடுத்தலின் எதிர்நிலைச் சித்திரம் இது எனலாம்.

6. யாழ்ப்பாணத்துக் கல்வெட்டு

இரங்கல் மரபு எளிய குடும்பத் தலைவனிடம் நேரே வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணம். அங்கு ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நிகழும் அந்தியேட்டியில் குடும்பத்தார் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு வழங்குவர். அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர். இறந்த ஆண்டு, திங்கள், பக்கம், திதி ஆகியவற்றைக் கூறும் வெண்பா ஒன்று முதலில் இருக்கும். தலைமுறை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எனப் பகுதிகள் தொடரும். ஊர்ப் புலவரோ ஆசிரியரோ செய்யுள் யாத்துக் கொடுப்பார். கூடியிருப்போர் கேட்க அதனை இசையோடு படிப்பதும் உண்டு.

பெயர்ப் பொருத்தம் எண்ணுதற்கு உரியது. பழங்காலத்தில் மறவனுக்கும் அரசனுக்கும் உரியதாயிருந்த கல்லும் எழுத்தும், அச்சு வந்தபின் தோட்டக்காரனுக்கும் உரியவாயின. தாளில் அச்சிட்டதைக் கல்வெட்டு என்று அழைத்த மக்கள், தம் தந்தைக்கும் கல் நட்டதாகவே கருதினர் போலும்.

ஆயினும் திறனாய்வாளன் கூறவேண்டிய குறை ஒன்று உண்டு. இந்நூல்களின் செய்யுட் பகுதி பெரும்பாலும் வாய்பாட்டில் அமைந்தது. பெயரை மாற்றினால் ஒருவர் கல்வெட்டு மற்றொருவர்க்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்து உழவனின் வாழ்வோ வாய்பாட்டுக்கு அடங்குவது அன்று. வற்றாத ஆறு இல்லாத நிலம் அது. சுண்ணாம்புப் பாறையின்கீழ் நிற்கும் நீரை நம்பிய வாழ்வு. கிணறு வெட்டுதல் ஒரு தலைமுறையின் வேலை. விடியுமுன் ஒருவர் துலாமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து நீர் இறைக்க, ஒருவர் வாய்க்காலில் நீரைத் திருப்பிப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சினர். குழைதழைகளைத் தோட்டத்தில் தாழ்த்தி எருவாக்கினர். அங்கு விளைந்த புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. துலா மிதித்தவனின் அடியைக் கல்வெட்டில் தேடினால், 'உழைப்பால் உயர்ந்தார்' என்னும் ஒரு தொடரே பெரும்பாலும் கிடைக்கும். எத்துணை ஆழத்தில் கல்லை உடைத்து நீர் கண்டார், எந்த ஆண்டு பயிர் அழிந்தது, யாரிடம் கடன் கேட்டு நின்றார் என்பன இரா. மானம் கருதாமல் குடிசெய்தவனின் வரலாற்றை, மானம் கருதி மக்கள் சுருக்கிவிடுகின்றனர்.

7. ஓர் ஒப்பீடு

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்து 1800இல் வெளியிட்ட 'மைக்கேல்' என்னும் பாட்டு இங்கு ஒப்பிடத்தக்கது. எண்பது ஆண்டு கடந்த ஆட்டிடையன் மைக்கேல். அவன் மனைவி இசபெல். முதுமையிற் பிறந்த ஒரே மகன் லூக்கா. உறவினன் ஒருவனுக்குப் பிணை நின்றதால் நிலம் இடருறுகின்றது. நிலத்தை விற்க மனமின்றி, மகனை நகருக்கு அனுப்பிப் பொருள் ஈட்டக் கருதுகின்றான் தந்தை. புறப்படும் முன்னாள், கட்டவிருந்த ஆட்டுக்கிடையின் முதற்கல்லை மகன் கையால் வைக்கச் செய்கின்றான். மகன் நகரில் கெட்டு, அயல்நாட்டுக்கு ஓடிவிடுகின்றான். கிழவன் ஏழாண்டு அக்கிடையிடம் சென்று சென்று, முடிக்காமலே இறக்கின்றான். நிலம் பிறர் கைக்குப் போகின்றது. ஓடைக்கரையில் கிடக்கும் கற்குவியலைக் காட்டியே கவிஞர் கதையைத் தொடங்குகின்றார்.

1801இல் அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் பாக்சுக்கு நூலை அனுப்பிய கவிஞர், சிறு நில உடைமையாளர் மறைந்துவருவதையும் அவர்தம் இல்லப்பற்று நிலத்தோடு பிணைந்திருப்பதையும் மடலில் விளக்கினார். நமக்குப் பயன்படும் கருத்து யாதெனின், நடுகல் இறந்தவனுக்காகப் பிறர் நட்டது. மைக்கேலின் கல் அவனே அடுக்கத் தொடங்கியது. உழைத்தவனுக்கு நினைவுச் சின்னம் வேறு வேண்டா. அவன் வினையில் எஞ்சியதைச் சுட்டினால் போதும். வெட்டிய கிணறு, எடுத்த வரப்பு, வைத்த பனை, முடியாத சுவர் ஆகியவையே அவன் கல். கையறுநிலையைப் 'புகழ்வழி நினைவு' என்றால், இதனை 'வினைவழி நினைவு' என்று பெயரிடலாம்.

8. உரைநடை தந்தது

தமிழில் வினைவழி நினைவுக்கு இடம் தந்தது உரைநடை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்கு நாட்டுக் காட்டையும் அதில் உழைக்கும் சின்னப்பனையும், பங்கு கேட்பதால் எழும் பூசலையும், அதன் விளைவாகிய கொலையையும் காட்டிற்று. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) குடும்பத் தலைமையை ஒரு வேலைப் பங்கீடாகவே வரைகின்றது. கோட்டையார் வீட்டின் தலைவர் கோவிந்தப்ப நாயக்கர். உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பணிக்குப் பொறுப்பு. காட்டுக்குத் தீயிட்டு நிலம் திருத்திய முன்னோர் வினை அங்கே காப்பியச் செய்திபோல் நினைவுகூரப்படுகின்றது. அந்நினைவைக் காத்துச் சொல்பவர் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதுபெண். ஒப்பாரியிலும் நாவலிலும் குடியின் நினைவு பெண்ணின் நாவிலேயே தங்குகின்றது என்பது கருதத்தக்கது. அதே ஆசிரியர் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். வினைச்சொற்கள் மறைந்தபின் வினை செய்தவனை நினைத்தல் அரிது. ஆதலின் அவ்வகராதியும் ஒருவகை நினைவு நூலே.

9. நினைவில் விடுபடுவோர்

குடிசெய்வானைப் போற்றுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'தந்தை தனியொருவராய் உழைத்துக் குடும்பத்தை உயர்த்தினார்' என்னும் தொடர் பெரும்பாலும் முழு உண்மை அன்று. நாற்று நட்டதும், களை பறித்ததும், மாட்டுக்குத் தீனி வைத்ததும், இரவில் நெல் அவித்ததும் மனைவி. அவள் வினைக்குக் கல்வெட்டு 'கற்பு' என்று பெயரிட்டு அமையும். ஓரளவு நிலமுடைய வீடாயின், துலா மிதித்த கால்களும் ஏர் பிடித்த கைகளும் வீட்டுக்கு வெளியே வாழ்ந்தவருடையனவாகவும் இருக்கலாம். அவர்களுக்கு அந்தியேட்டிக் கல்வெட்டு அச்சிடுவோர் நெடுங்காலம் இல்லை. தலைவனின் வினையை உள்ளபடி விரித்தெழுதினால் இவர்கள் தாமே வெளிப்படுவர். ஏனெனில் துலாவுக்கு ஒருவர் போதார். பொதுப்படப் புகழ்ந்தால் இவர்கள் மறைவர். வினைவழி நினைவு கலையழகுக்கு மட்டுமன்றி நடுவுநிலைமைக்கும் வேண்டப்படுவது இதனாலேயே.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சங்க இரங்கல் வீரத்தையும் கொடையையும் நினைத்தது என்பதும், குடும்பத் தலைவனை நினைத்தற்கு உரிய அளவுகோலை வள்ளுவர் வகுத்தார் என்பதும், பள்ளு வினையைச் சொல்லி மனிதனை நகையாடிற்று என்பதும், ஒப்பாரி அவன் இன்மையைச் சொல்லிற்று என்பதும், கல்வெட்டு அவனுக்குப் பெயரும் நாளும் தந்து வினையைத் தொகைச்சொல்லில் அடக்கிற்று என்பதும், உரைநடை அவ்வினையை விரித்தது என்பதும் பெறப்படும்.

திறனாய்வுக் குறை கூறியதனால் கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் ஒதுக்குதல் கூடாது. எண்ணற்ற உழவர்க்கு உலகில் உள்ள ஒரே எழுத்துச் சான்று அவையே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். வீடுகளோடு பெட்டகங்களும் அழிந்த நாட்டில், ஓர் உறவினர் கையோடு கொண்டுசென்ற பதினாறு பக்கச் சிறுநூல் ஒரு குடியின் முழு வரலாறாகிவிடும். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம் நினைவு வெளியீடுகளையும் நூல்களோடு ஒப்பவைத்துப் பேணிவருதல் பாராட்டுக்கு உரியது. தமிழகத்துக் கருமாதி நாளில் வழங்கப்பெற்ற சரமகவிகளையும் இரங்கற் பாக்களையும் நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவ்வாறு தொகுத்தல் வேண்டும். ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பத்து வீடுகளைக் கேட்டாலும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவற்றை வாங்குங்கால், நூலில் இல்லாததையும் வீட்டு முதியவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் நன்று: அவர் கிணறு வெட்டிய ஆண்டு எது? உடன் வெட்டியவர் யார்? முதலில் நீர் கண்டது எத்தனை முழத்தில்?